கேட்டால் குடி முழுகிவிடாது

கல்லூரி திறக்கிற பருவம். வந்த கடிதங்களில் பெரும்பகுதி, படிப்புக்காக வீட்டை விட்டுக் கிளம்புகிறவர்களும் அவர்களை வழியனுப்புகிறவர்களும் எழுதியவை. இந்த வாரம் பெரும்பாலும் அவர்களுக்கே.

கே: மகன் படிக்கக் கோவைக்குப் போகிறான். என்னென்ன கொடுத்தனுப்பலாம்? (ஓர் அம்மா, வேப்பம்பட்டு)

ப: பருப்புப்பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய், இரண்டு நல்ல பூட்டு. ஊறுகாய் பாட்டிலைத் தனிப் பையில் வையுங்கள். அது கசிந்தால் முதலில் தேடிப் போவது வெள்ளைச் சட்டையைத்தான்.

கே: தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே பொறியியல் சேர்ந்திருக்கிறேன். வாஷிங் மெஷின் போடவோ பேங்க்கில் படிவம் நிரப்பவோ தெரியாது. கேட்டால் பட்டிக்காட்டான் என்பார்களே? (முதலாண்டு மாணவர், பெருமாள்பட்டு)

ப: தம்பி, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். உட்கார்.

1914-ல் நம் கணித மேதை ராமானுஜன் கப்பல் ஏறிக் கேம்பிரிட்ஜ் போனார். டிரினிட்டி கல்லூரி. அங்கிருந்த கணித அறிஞர் ஹார்டியே வியந்த மூளை. குளிர்காலம் வந்தது, மனிதர் நடுங்குகிறார். கேம்பிரிட்ஜில் படித்துக்கொண்டிருந்த வங்காளத்து மகலநோபிஸ் பார்க்க வந்து, "ராத்திரி குளிர் தாங்குகிறதா?" என்று விசாரித்தார். "ஓவர்கோட்டும் போட்டுக்கொண்டு சால்வையும் போர்த்திக்கொண்டுதான் படுக்கிறேன், அப்படியும் குளிர்கிறது" என்றார் ராமானுஜன். மகலநோபிஸ் படுக்கையறைக்குள் போய்ப் பார்த்தால், கட்டிலில் கம்பளிகள் விரித்தபடி மெத்தைக்கடியில் செருகியபடியே இருக்கின்றன. ராமானுஜன் இத்தனை நாளும் அவற்றுக்கு மேலே படுத்திருக்கிறார்! கம்பளியை விலக்கி உள்ளே நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. கும்பகோணத்தில் பாயில் படுத்து வளர்ந்த பிள்ளைக்கு எப்படித் தெரியும்? மகலநோபிஸ் செய்து காட்டினார். ராமானுஜன் நெகிழ்ந்துபோனார். அந்த மகலநோபிஸ்தான் பிறகு 1931-ல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தொடங்கியவர்.

எண்களோடு கூடிக் குலாவியவருக்கே கம்பளிக்குள் நுழைய ஒருவர் சொல்லித்தர வேண்டியிருந்தது. உனக்கு வாஷிங் மெஷின். பக்கத்து அறைக்காரனைக் கேள். சாயம் போகிற துணியைத் தனியாகப் போடு. பேங்க்கில் படிவத்தை நிரப்பாமல் கவுண்டருக்கு எடுத்துப்போய், "இந்த இடத்தில் என்ன எழுதணும் சார்?" என்று கேள். சிரிக்கிறவன் சிரிக்கட்டும். அவன் போன வருஷம் யாரிடமோ இதையே கேட்டவன்.

கே: ஹாஸ்டல் அறை மிகவும் சின்னது. என்ன செய்யலாம்?

ப: நம் வேப்பம்பட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷன் திருநின்றவூர்ப் பூசலார் நாயனார், மனசுக்குள்ளேயே ஒரு கோயிலைக் கட்டிக் கும்பாபிஷேகமும் நடத்தினார். உனக்குக் கட்டிலும் மேசையும் தந்திருக்கிறார்கள்.

கே: மின்சார ரயிலில் படியில் நின்றால் காற்று நன்றாக வருகிறதே?

ப: எமனும் வருவான். உள்ளே போ. அப்படியே, தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டுகிற பழக்கத்தையும் விட்டுவிடு. அதற்கு வேப்பம்பட்டு உயிர்களாகக் கொடுத்த விலை போதும்.

கே: வேப்பம்பட்டிலிருந்து கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு ரயிலில் எப்படிப் போவது?

ப: பேசின் பிரிட்ஜில் இறங்கி மாறுங்கள்.

கே: புதுமைப் பெண் பணம் மாதம் ஆயிரம் வருகிறது. என் ஏ.டி.எம். கார்டை அண்ணன் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார். (பி.எஸ்சி. மாணவி)

ப: வாங்கிவிடு அம்மா, இன்றைக்கே.

அந்தத் திட்டம் மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருப்பது. முன்பு அது தாலிக்குத் தங்கம் தந்த திருமண உதவித் திட்டம். அதைப் பெண்களின் மேற்படிப்புக்கு மாற்றி 2022 செப்டம்பர் 5-ல் தொடங்கினார்கள். அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்த பெண்ணுக்கு, அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் நேராகப் பணம் விழுகிறது. அவள் கையில் இருக்கட்டும் என்றுதான் இந்த ஏற்பாடு. பஸ்ஸுக்கு, ஜெராக்ஸுக்கு, நாப்கினுக்கு யாரிடமும் கையேந்த வேண்டாம். வீட்டில் நிஜமாகவே கஷ்டம் என்றால் நீயே எடுத்துக் கொடு. கார்டும் ரகசிய எண்ணும் உன்னிடமே இருக்கட்டும். அண்ணன் படிக்கிறார் என்றால் அவருக்கு 2024 ஆகஸ்டில் தமிழ்ப் புதல்வன் வந்துவிட்டது, தகுதி இருந்தால் விண்ணப்பிக்கச் சொல்.

கே: மெஸ் சோறு குழைந்துபோய்த் தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் ஊர் அரிசியே தனி. (தஞ்சை மாணவர், வேப்பம்பட்டு)

ப: தஞ்சாவூர்க்காரரிடமிருந்து அரிசிப் பேச்சா! இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு அரிசியைப் பற்றிக் கொஞ்சம் அடக்கமாகப் பேச வேண்டும் தம்பி. செவ்வாப்பேட்டைப் பக்கம் திரூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. டி.கே.எம். என்று தொடங்குகிற ரகங்கள் எல்லாம் அங்கே பிறந்தவை, திரூர்க்குப்பத்தின் சுருக்கம் அது. அவற்றில் டி.கே.எம். 6 தண்டுத்துளைப்பானைத் தாங்கி நிற்கும். 1960-ல் பிலிப்பைன்ஸின் லாஸ் பானோஸில் சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையம் வந்த பிறகு நம்ம ஊர் டி.கே.எம். 6-ம் கடல் தாண்டிப் போனது. அங்கே வேறு நெல்லோடு கலந்து, அந்தத் தாங்கும் குணத்தைக் கொடுத்து 1969-ல் வெளிவந்ததுதான் ஐ.ஆர். 20. உங்கள் தஞ்சாவூர் வயல்களில் உங்கள் தாத்தா கொண்டாடி நட்ட அதே ஐ.ஆர். 20! திருவள்ளூர் மாவட்டத்து நெல் வெளிநாடு போய், பிள்ளை பெற்று, உங்கள் வீட்டுக்கே வந்து சேர்ந்திருக்கிறது. இனி மெஸ்ஸில் உட்காரும்போது கொஞ்சம் மரியாதை.

குழைந்த சோற்றுக்கு அரிசி காரணமில்லை, வடிக்கிற நேரம்தான். மெஸ் கமிட்டியில் சேர். சமையல்காரரை "அண்ணே" என்று கூப்பிட்டு, கொஞ்சம் முன்னாலேயே வடிக்கச் சொல். கேட்காதவன் நாலு வருஷமும் குழைந்ததைத்தான் தின்பான்.

கே: சீனியர்கள் இரவில் அறைக்கு அழைத்து மண்டி போடச் சொல்கிறார்கள். "இதெல்லாம் சகஜம், வெளியே சொல்லாதே" என்கிறார்கள். அப்பாவிடம் சொன்னால் படிப்பை நிறுத்திவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.

ப: சகஜம் இல்லை. குற்றம்.

1996-ல் சிதம்பரத்தில் மருத்துவம் முதலாண்டு சேர்ந்த நாவரசு என்ற பையன் ராகிங்கில் கொல்லப்பட்டான். தமிழ்நாடு உலுக்கப்பட்டது. மறு வருஷமே, 1997-ல், ராகிங்கைத் தடை செய்து இங்கே தனிச் சட்டம் வந்தது. இரண்டு வருஷம் வரை சிறை, கல்லூரியை விட்டு நீக்கம். புகார் வந்தும் கல்லூரித் தலைவர் கண்ணை மூடிக்கொண்டால் அவரும் உடந்தை என்கிறது அந்தச் சட்டம்.

1800-180-5522. இது ராகிங் தடுப்பு உதவி எண், இருபத்து நாலு மணி நேரமும் இயங்கும், காசு கிடையாது. இன்று ராத்திரி கூப்பிட்டாலும் கூப்பிடு. நாள், நேரம், யார் யார், என்ன செய்யச் சொன்னார்கள் என்பதை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள். அந்த அறைக்குத் தனியாகப் போகாதே. அப்பாவிடமும் சொல்லிவிடு. அவர் கோபப்படலாம், உடனே கிளம்பி வா என்றும் சொல்லலாம். நீ படிக்க ஆசைப்படுவதையும், கல்லூரியில் புகார் கொடுக்க அவர் கூட வர வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல். பிள்ளை உதவி கேட்டு வாய் திறந்தால் பெரும்பாலான அப்பாக்கள் அடுத்த ரயிலைப் பிடிப்பார்கள். அடுத்த வாரத்துக்குள் எனக்கு ஒரு வரி எழுது. பெயர் வேண்டாம். "கூப்பிட்டேன்" என்றால் போதும்.

கே: அம்மா தினமும் போன் செய்து "சாப்பிட்டியா?" என்று மட்டும் கேட்கிறார். வேறென்ன பேசுவது?

ப: என்ன சாப்பிட்டாய் என்று சொல். பிறகு, "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டுப் பார். அன்றைக்கு அரை மணி நேரம் போகும், சார்ஜ் போட்டு வைத்துக்கொள்.