சஃபாரி போய்வந்த மனுஷர்

புழல், செங்குன்றம், மாதவரம் வட்டாரத்தில் கொஞ்ச காலமாக ஒரு புது ரக மனுஷர் தட்டுப்படுகிறார். அரிசி மண்டியிலோ லாரி சர்வீஸிலோ பாடுபட்டுக் காசு சேர்த்தவர். பிள்ளைகள் டிக்கெட் போட்டுக் கொடுக்க, மனைவியோடு உகாண்டாவுக்குப் பறந்து, மர்ச்சிசன் அருவிப் பூங்காவில் படகேறி நீர்யானையும் ஜீப்பேறிச் சிங்கமும் பார்த்துவிட்டு வந்தவர். இவரை அடையாளம் காண்பது சுலபம். கல்யாண ரிசப்ஷனுக்குக்கூட ஏழெட்டுப் பாக்கெட் வைத்த காக்கிக் கோட்டில்தான் வருவார். அந்தப் பாக்கெட்டுகளில் ஒன்றில் சில்லறை, ஒன்றில் பீ.பி. மாத்திரை, மற்றதெல்லாம் காலி. பந்தியில் உட்கார்ந்ததும், "நைல்ல போட் போறப்ப என்னாச்சுன்னா..." என்று தொடங்குவார். சாம்பார் ஊற்ற வந்த பையன் நகரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல் வாளியோடு தவிப்பான். பணத்திமிர், பீற்றல் என்பது ஊரார் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பு அவசரப்பட்டது என்பேன். இவர் லட்சக்கணக்கில் கொட்டி வாங்கி வந்தது பொறுமை. வாழ்நாளில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு, நகராமல், எது வரும் எது வராது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். அது வெளியே தெரிந்தால் கௌரவக் குறைச்சல் என்பதால்தான் சிங்கத்தைப் பற்றி இத்தனை பேசுகிறார்.

சிங்கம்தான் வேண்டும் என்றால் வண்டலூர் போதும். 1985-இல் திறந்த அண்ணா உயிரியல் பூங்காவில் சிங்கம் உலாவும் இடத்துக்குக் கம்பி வலை போட்ட வண்டியில் கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஆனால் வண்டலூர்ச் சிங்கத்தைப் பற்றிப் பந்தியில் பேசிய பெரியவர் யாரும் கிடையாது. அங்கே சிங்கம் இருக்கிறது என்று டிக்கெட் வாங்கும்போதே தெரியும். பேச என்ன இருக்கிறது? மர்ச்சிசன் பூங்காவின் பரப்பு சுமார் 3,840 சதுர கிலோமீட்டர். 426 சதுர கிலோமீட்டர் கொண்ட சென்னை மாநகராட்சியைப் போல ஒன்பது மடங்கு. அத்தனை புல்வெளியில் ஒரு சிங்கம் எந்த மரத்தடியில் படுத்திருக்கிறது என்பதற்கு எந்த ஏஜெண்டும் கியாரண்டி கொடுக்க முடியாது. அங்கே விதிமுறைகளும் கறார்: ஹாரன் அடிக்கக்கூடாது, பாதையை விட்டு வண்டி இறங்கக்கூடாது, வேகம் கூடாது. இதே மனுஷரை மாதவரம் ரவுண்டானாவில் பார்க்கவேண்டும். முன்னால் கன்டெய்னர் டிரெய்லர், அதற்கு முன்னால் இன்னொரு டிரெய்லர், சிக்னலோ சிவப்பு. ஹாரனில் வைத்த கையை எடுக்கமாட்டார். சிவப்பு எத்தனை வினாடியில் மாறும் என்று கம்பத்திலேயே எண் ஓடும்போது பொறுக்காதவர், எண்ணே இல்லாத ஒரு சிங்கத்துக்காகக் காலை ஆறு மணியிலிருந்து புல்லைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்றால், அவருக்குள் ஏதோ நடந்திருக்கிறது என்றுதானே அர்த்தம்?

பொறுமைதான் சரக்கு என்றால் அது முதுமலையில் கிடைக்காதா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1940-இலேயே சரணாலயமாகி, 2007-இல் புலிகள் காப்பகமான காடு அது. தெப்பக்காட்டில் வனத்துறை வண்டி ஏறினால், புலி வரலாம், வராமலும் போகலாம். நம் மனுஷரும் அங்கே போனவர்தான். மானும் மயிலும் வந்தன, தூரத்தில் யானையின் முதுகு தெரிந்தது, புலி வரவில்லை. இறங்கியதும் அவர் சொன்னது: "சும்மா ஏமாத்து வேலைபா, கவர்மென்ட்டு பஸ்ல காட்ட சுத்திக் காட்டிட்டு காசு வாங்கிக்கிறான்." மர்ச்சிசனில் முதல் நாள் முழுக்கச் சிங்கம் வராதபோது அவர் சொன்னதோ, "இதாம்பா வைல்ட்லைஃப், அது இஷ்டத்துக்குத்தான் வரும்." இரண்டு இடத்திலும் காடு ஒரே மாதிரிதான் நடந்துகொண்டது. மாறியது கட்டணம். முதுமலைக் கட்டணத்துக்கு ஒரு மணிநேரம்கூட அவரால் சும்மா இருக்க முடியவில்லை; லட்சங்கள் கொடுத்ததும் மூன்று நாள் முனிவராகிவிட்டார். கொடுத்த காசு வீணாகிவிட்டது என்று ஒப்புக்கொள்வதைவிடக் காத்திருப்பது லாபம் என்பது வியாபாரிக்குத் தெரியும்.

வெறும் ஆடம்பரம் என்கிறவர்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். பகட்டுதான் நோக்கம் என்றால் துபாய் இருக்கிறது. கட்டடம் ஓடிப்போகாது, போட்டோ நிச்சயம். உகாண்டாவுக்குப் போக மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டாகவேண்டும், அதுவும் பயணத்துக்குப் பத்து நாள் முன்பே. சென்னைத் துறைமுகச் சுகாதார அலுவலகத்தில் கப்பல்காரர்களோடு வரிசையில் நின்று சட்டைக் கையை மடித்தவர் இவர். அந்த மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பி வந்தால் ஆறு நாள் வரை தனிமையில் வைத்துவிடுவார்கள். இன்றைக்கும் அந்த அட்டையை ஆதாரோடு சேர்த்து வைத்திருக்கிறார், கேட்காமலே எடுத்துக் காட்டுகிறார். பகட்டுக்காக யாரும் இத்தனை அலைய மாட்டார்கள்.

பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் எதற்கு என்ற கேள்விக்கு அதிகம் மெனக்கெட வேண்டியதில்லை. 1876-இல் கட்டிய புழல் ஏரி 3,300 மில்லியன் கன அடி பிடிக்கும் குடிநீர் ஏரி; அதில் சுற்றுலாப் படகு ஓடுவதில்லை. பழவேற்காட்டில் பூநாரைகள் வந்து நிற்கின்றன. அவற்றை இவர் 'கொக்கு' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார். பழவேற்காட்டுக்கு யாராவது ஐம்பதாயிரம் ரூபாய் கட்டணம் வைத்தால் கேமராவோடு முதல் ஆளாக நிற்பார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. இதில் வேடிக்கை, மணலி சுத்திகரிப்பு ஆலையின் புகையைப் பார்த்தே வளர்ந்தவர் போய்ச் சேர்ந்த இடத்திலும் எண்ணெய்தான். மர்ச்சிசன் பூங்காவுக்கு உள்ளேயே பிரெஞ்சு நிறுவனமான டோட்டல் எனர்ஜீஸின் திலெங்கா திட்டத்துக்காக 2023 முதல் கிணறு தோண்டுகிறார்கள். அவர் காட்டும் படங்களில் ஒட்டகச்சிவிங்கி இருக்கும், டிரில்லிங் மேடை இருக்காது. ஓரத்தை வெட்டிவிட்டுத்தான் குடும்ப வாட்ஸப்பில் போடுவார்.

அவருடைய பேச்சில் உள்ள கோளாறு பொய் சொல்வது என்றுகூடச் சொல்லமாட்டேன், கணக்கு எழுதுவது. சிங்கம், சிறுத்தை, யானை, காட்டெருமை, காண்டாமிருகம் என்று ஐந்து பெரிய விலங்குகளைப் பட்டியல் போட்டவர்கள் அந்தக் காலத்து வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள். நடந்துபோய்ச் சுடுவதற்குக் கஷ்டமானவை என்பதுதான் அந்த ஐந்துக்கும் பொருத்தம். துப்பாக்கி போய்க் கேமரா வந்த பிறகும் பட்டியல் அப்படியே நிற்கிறது. நம்மவர் அதை மண்டிப் பேரேடாக மாற்றிக்கொண்டார்: "நாலு பாத்தாச்சு. காண்டாமிருகம் மட்டும் பாக்கி." உகாண்டாவின் காட்டில் திரிந்த காண்டாமிருகங்கள் 1980-களின் தொடக்கத்திலேயே வேட்டையில் அழிந்துபோயின என்றால் ஏற்கமாட்டார். பாக்கி என்றால் பாக்கி, வந்தாகவேண்டும். பேரேட்டில் எழுதியதும் சிங்கத்தின் தூரமும் குறையத் தொடங்கும். முதல் வாரம் நூறு மீட்டர், பொங்கலுக்கு இருபது, அடுத்த கல்யாணத்தில் ஜீப் கதவை மோந்து பார்த்திருக்கும். இதற்கு ஒரே தணிக்கை அதிகாரி அவர் மனைவி. "அதுவும் தூங்கிக்கினு இருந்துச்சு, இவரும் தூங்கிக்கினு இருந்தாரு" என்பார். சிங்கம் ஒரு நாளில் இருபது மணிநேரம் வரை படுத்தே கிடக்கும் பிராணி என்பதால், முதல் பாதியை நம்பத் தடையில்லை.

ஆகவே இவரிடம் மாட்டிக்கொள்ளும் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். சிங்கத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்; படகைப் பற்றிக் கேளுங்கள். சுமார் ஏழு மீட்டர் இடுக்கில் நைல் நதி நெருக்கிக்கொண்டு விழும் அருவியை நோக்கி, ஆற்றை எதிர்த்துப் போகும் படகு அது. நீர்யானை மூச்சடக்கி முங்கினால் ஐந்து நிமிடம் வரை வெளியே வராது. தரையில் நடக்கிற மாதிரி ஆற்றடியில் நடந்துபோகும். எங்கே தலை தூக்கும் என்று படகோட்டிக்கே தெரியாது. அந்த ஐந்து நிமிடம் என்ன செய்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். "இன்னா செய்றது? மூடிக்கினு உக்காந்திருந்தேன்" என்பார். அந்தக் கதையில் மட்டும் மீட்டர் குறைவதில்லை. நாலு கல்யாணத்தில் கேட்டாலும் அதே ஐந்து நிமிடம்தான், மனைவியும் மறுப்பதில்லை.