தூண் யாருடையது? செட்டிநாட்டுச் சுவர்ப் படங்களை வகைப்படுத்தும் ஆய்வுக்கு ஒரு முன்னோட்டம்

அமெரிக்காவில் பழைய போட்டோப் பெட்டி சேகரிப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. காசு போட்டுத் திரையை இழுத்துவிட்டு உட்கார்ந்தால் தானே படம் எடுத்து, தானே கழுவி, ஈரம் காயாமல் வெளியே தள்ளும் பெட்டி அது. சைபீரியாவில் பிறந்த அனடோல் ஜோசஃபோ 1925-இல் நியூயார்க் பிராட்வேயில் அதை வைத்தார். 25 சென்ட்டுக்கு எட்டுப் படம். முதல் ஆறு மாதத்தில் 2,80,000 பேர் உள்ளே போய் வந்தார்கள். 1927-இல் பத்து லட்சம் டாலருக்கு உரிமையை விற்றார். போட்டோ எடுத்தவர்கள் முகத்தைப் பார்த்தார்கள், போனார்கள். சேகரிப்பாளர்களுக்கோ முகம் பொருட்டில்லை. பெட்டி மாடல் 11-ஆ, மாடல் 14-ஆ என்பதே கேள்வி. ஓரம் வளைந்திருக்கிறதா, சதுரமா, திரைக்குப் பின்னால் என்ன என்று நாள் கணக்கில் வாதாடுகிறார்கள்.

செட்டிநாட்டில் அந்தப் பெட்டி இல்லை. அதனால் ஆய்வு நின்றுவிடுமா? காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், கோட்டையூர் வீடுகளில் பட்டாலை என்னும் கூடத்துச் சுவர்களில், உத்தரத்துக்குக் கீழே முன்னால் சாய்ந்தபடி தொங்கும் பெரியவர்கள் படங்கள் இருக்கின்றனவே. அவற்றில் பெரியவர்களை நீக்கிவிட்டு மற்றதை ஆராய்வதே இம்முன்னோட்டத்தின் நோக்கம்.

வரலாற்றுப் பின்னணி ஒன்று வேண்டும். அது இல்லாத ஆய்வேட்டைத் தேர்வாளர் திறந்தே பார்ப்பதில்லை. புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858-இல் மதுரையையும் புதுக்கோட்டையையும் படமெடுத்தார். அவர் நாட்டம் கோயிலிலும் கோட்டையிலும் இருந்தது. பின்னணி முடிந்தது.

முதல் வகை, நாற்காலி. உட்காருமிடம் பிரம்பா, மெத்தையா. கைப்பிடி நுனியில் சிங்கமா, சுருளா. இவற்றைக் கொண்டு உட்பிரிவுகள் செய்யலாம். இதில் ஒரு சிக்கல் உண்டு. தேவகோட்டை வீட்டுப் படத்திலும் கண்டனூர் வீட்டுப் படத்திலும் ஒரே நாற்காலி, ஒரே கைப்பிடி, அதே இடத்தில் அதே சிராய்ப்பு. நாற்காலி ஸ்டுடியோக்காரருடையது என்று சின்னப்பிள்ளையும் சொல்லும். ஆய்வு அப்படி அவசரப்படாது. ஒரே நாற்காலியில் அமர்ந்தவர்கள் பங்காளிகள் என்று ஒரு கருதுகோள் உருவானது. நகரத்தாருக்கு, அதாவது செட்டிநாட்டுச் செட்டியார்களுக்கு, ஒன்பது கோயில்; ஒரே கோயிலார் பங்காளிகள், தங்களுக்குள் பெண் கொடுத்து எடுப்பதில்லை. நாற்காலியைப் பத்தாவதாகச் சேர்த்தால் கணக்கு நேராகும் என்றும் சொல்லப்பட்டது. அப்படியானால் அந்த ஸ்டுடியோவில் படமெடுத்த வீடுகளுக்குள் கொள்வினை கொடுப்பினை கூடாது. பாதிக் கல்யாணம் செல்லாது. கருதுகோளைக் கேட்ட ஆச்சி ஒருவர் அதற்குமேல் காப்பி தரவில்லை (காண்க: ஆச்சி, வாய்மொழி).

இரண்டாம் வகை, பூச்சாடி. இருக்கும், அல்லது இருக்காது.

மூன்றாம் வகை, கைக்கடிகாரம். சட்டைக் கையை ஒரு விரற்கடை மேலே தள்ளி, மணிக்கட்டைத் தொடையில் வைத்துக் காமிராவுக்குக் காட்டியிருப்பார்கள். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்ய, போய்த் திரும்பியவர் என்பதற்கு அதுவே சாட்சி என்பர் ஒரு சாரார். பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது என்பர் மறுசாரார் (காண்க: ஆச்சி, வாய்மொழி, மதியச் சாப்பாட்டுக்கு முன், பாடபேதத்துக்கு: அதே ஆச்சி, சாப்பாட்டுக்குப் பின்).

நான்காம் வகை, தூண். இங்கேதான் ஆய்வு மூச்சு வாங்குகிறது.

படத்தில் நிற்கிற மனிதரின் வீட்டைப் பாருங்கள். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்குத் தூண்கள் வரிசையாக நிற்கின்றன. கட்டிப் பிடித்தால் கை எட்டாது. வளவு முற்றத்தைச் சுற்றிலும் தூண். இத்தனைக்கும் சொந்தக்காரர் என்ன செய்தார்? வண்டி கட்டிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் போய், படுதாவில் யாரோ வரைந்த தூணுக்கு முன்னால் முழங்கையை மடக்கி நின்றார். அந்தத் தூணின் தலையில் இலைக்கொத்து, காலடியில் படிக்கட்டு, படிக்கட்டுக்கு அப்பால் ஏரி, ஏரியில் அன்னம். காரைக்குடிச் சீமையில் அன்னம் நீந்தும் ஏரி எங்கே இருந்தது என்று நிலவரைபடங்களைக் கொண்டு தேடும் பணி தனியே தொடங்கப்பட வேண்டும்.

ஏன் நின்றார்? அந்தக் காலக் கண்ணாடித் தகட்டுக்கு வெளிச்சம் நிறைய வேண்டும். பட்டாலை இருட்டில் ஒன்றும் விழாது. கூரையில் கண்ணாடி பதித்த ஸ்டுடியோவிலும் சில விநாடி அசையாமல் நிற்க வேண்டியிருந்தது. கைக்கு ஒரு பிடிமானம் இருந்தால் உடம்பு ஆடாது. அதற்காக வைத்த மரக்கட்டைத் தூணும் அதன் பின்னால் தொங்கிய படுதாவும் ஐரோப்பிய ஸ்டுடியோக்களிலிருந்து இங்கே வந்தவை. இவ்வளவுதான் விஷயம். ஆனால் நாலு வரியில் முடிகிற விஷயத்துக்கு யாரும் நிதி ஒதுக்குவதில்லை. ஆகவே மூன்று கட்சிகள் தோன்றின.

இலைக்கொத்தைப் பார்த்ததும் முதல் கட்சி ரோமாபுரிக்குப் போனது. அழகன்குளத்தில் ரோமானியப் பானை ஓடு கிடைத்ததைச் சுட்டி, ஓடு வந்த வழியில் தூண் வராதா என்று கேட்டது. கீழடியையும் இழுத்தது. சிவகங்கை மாவட்டத்தைப் பற்றி என்ன எழுதினாலும் கீழடியைத் தொடாமல் முடிக்கக்கூடாது என்பது இன்று எழுதாத விதி, இங்கேயும் தொட்டாயிற்று. இரண்டாம் கட்சி தூணை விட்டுவிட்டுத் தூணுக்கும் முழங்கைக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தை ஆராய்ந்தது. அதன் முடிவு இருநூறு பக்கம். புரிந்துகொண்டவர் எழுதியவர் ஒருவரே என்றும், அவரும் இப்போது வேறு துறையில் இருக்கிறார் என்றும் கேள்வி. மூன்றாம் கட்சி, அசல் தூண் வைத்திருந்தவருக்குப் போலித் தூண்தான் ஆடம்பரம் என்றது. ஓரளவு பொருளுள்ள கூற்றாதலால் கருத்தரங்கில் யாரும் கவனிக்கவில்லை (காண்க: பரண், தென்மேற்கு மூலை, தகரப் பெட்டி, அதற்குள் சின்னத் தகரப் பெட்டி, அதன் அடியில் விரித்த தாள், கரையான் தின்றது போக மிஞ்சிய மூன்றாம் பத்தி, மாற்றுக் கருத்துக்கு: கரையான்).

படுதாவின் பிற்கால வரலாறும் இந்த மண்ணிலேயே இருக்கிறது. காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் 1940-களில் ஊருக்குப் பக்கத்திலேயே தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டார். 1947-இல் வெளிவந்த ‘நாம் இருவர்’ அங்கே உருவான படம். பிறகுதான் அவருடைய ஏவி.எம். ஸ்டுடியோ கோடம்பாக்கத்துக்குப் போனது. போட்டோ ஸ்டுடியோவின் படுதாத் தூணே பின்னாளில் சினிமா அரண்மனைத் தூணாக வளர்ந்தது என்று நிறுவ ஆசைதான்; ஆதாரம் கிடைத்ததும் நிறுவப்படும்.

கோட்டையூர் ஏ.கே. செட்டியார் இன்னும் வசதியானவர். டோக்கியோவிலும், 1937-இல் நியூயார்க்கிலும் போட்டோக்கலை படித்தவர். காந்தியைப் பற்றிய ஆவணப்படத்தை 1940-இல் வெளியிட்டவர். அவர் போனபோது நியூயார்க்கில் ஜோசஃபோவின் பெட்டிக்கு வயது பன்னிரண்டு. அதில் அவர் உட்காரவில்லை என்பதற்குச் சான்றில்லை. இந்நாளைய ஆய்வு முறையில், உட்கார்ந்தார் என்பதற்கு இதற்குமேல் என்ன சான்று வேண்டும்?

ஐந்தாம் வகை, ஒட்டுப் படம். கணவர் மூன்று வருடக் கணக்குக்கு ரங்கூன் போயிருப்பார், ஆச்சி ஊரில். பெட்டியடிக்கு, அதாவது அங்கிருந்த வட்டிக்கடைக்கு, பெண்டாட்டியைக் கூட்டிப் போகும் வழக்கமில்லை. அவர் அங்கே ஒரு படம், இவர் இங்கே ஒரு படம். இரண்டையும் வெட்டி ஒட்டி, மறுபடி படம் பிடித்து, தையல் தெரியாமல் தூரிகையால் மெழுகிவிடுவார்கள். அடையாளம் காண மூக்கைப் பார்த்தால் போதும். அவர் மூக்கின் நிழல் வலப்பக்கம் விழுந்திருக்கும், இவருடையது இடப்பக்கம். தோளோடு தோள் இருக்கும். இரண்டு தோளுக்கும் வெயில் வேறு. இந்த வகைக்கு மட்டும் எந்தக் கட்சியும் கிளம்பவில்லை.

கள ஆய்வுக்கு உகந்த இடம் காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெரு. வீடு பிரிந்து, பாகம் பிரிந்து, பழஞ்சாமான் கடைக்கு வந்த படங்கள் எனாமல் தூக்குச்சட்டிகளுக்கும் பீங்கான் ஜாடிகளுக்கும் நடுவே சுவரோரம் அடுக்கியிருக்கும். விலை கேட்டால் கடைக்காரர் படத்தைத் திருப்பிச் சட்டத்தின் முதுகைத் தட்டிப் பார்த்துத்தான் சொல்வார். பர்மாத் தேக்கென்றால் ஒரு விலை, நாட்டுமரம் என்றால் ஒரு விலை. உள்ளேயிருக்கும் செட்டியார் இனாம். கல்யாணத்துக்குக் கொடுத்த கரண்டி வரைக்கும் சிட்டையில் எழுதி வைத்த சமூகம், படத்தின் பின்னால் பெயர் எழுத மறந்திருக்கிறது. ஆய்வாளருக்கு இது பெரிய சௌகரியம். பெயர் இருந்தால் அவர் யார் என்று தேடிக்கொண்டு போக வேண்டிவரும்.

கடைசியாக, கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் முறைகள் அனைத்தும் சோதித்துப் பார்க்கப்பட்டன. நாற்காலி: பிரம்பு, சிங்கக் கைப்பிடி. பூச்சாடி: இருக்கிறது. தூண்: இலைக்கொத்து. படத்தில் இருப்பவர் வீட்டு முதலாளி, ரங்கூனில் பெட்டியடி வைத்திருந்தவர், படம் அவருடைய நடு வயதில் எடுத்தது என்று முடிவாயிற்று. மணைப்பலகையில் உட்கார்ந்து வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த ஆச்சி நிமிர்ந்து பார்த்தார்.

“அவுகளா? அது கணக்கப்பிள்ளையில்ல. அய்யா வர நேரமாயிருச்சுன்னு, வெளிச்சம் சரியா விழுதான்னு பாக்க உக்கார வச்சாக. அந்தப் படந்தான் நல்லா வந்துச்சு, மாட்டிட்டாக.”

இக்கூற்றுக்கு எழுத்துவடிவில் சான்றில்லை. எனவே ஆய்வில் சேர்க்கப்படவில்லை.