பெஞ்சுக்கு விரிப்பு போடலாமா?

பாரிஸ் தச்சர் ஆந்திரே ஜாக்கோப் ரூபோ, 1769 முதல் பகுதி பகுதியாக வெளியிட்ட தச்சுக்கலை நூலில் தச்சர் வேலை செய்யும் பெஞ்சு ஒன்றை வரைந்து வைத்தார். 5, 6 அங்குலக் கனத்தில் மேற்பலகை. அதைத் துளைத்துக்கொண்டு மேலே எட்டிப்பார்க்கும் ஓக் மரக் கால்கள். இழைப்புளியோடு எவ்வளவு முட்டினாலும் நகராது. நாள் முழுக்க அடிவாங்கவும் கீறல்படவும் பிறந்த சாமான்.

இரண்டரை நூற்றாண்டு கழித்து அது அமெரிக்கக் கார் ஷெட்டுகளில் மறுபிறவி எடுத்திருக்கிறது. கம்ப்யூட்டர் முன் பிழைப்பு நடத்தும் கனவான்கள், அவ்வளவு கனமான மரம் கிடைக்காமல், பலகைகளை ஒட்டி ஒட்டி அதைக் கட்டுகிறார்கள். பெஞ்சு செய்ய முதலில் ஒரு பெஞ்சு வேண்டுமே என்ற சிக்கலைக்கூடச் சமாளித்துவிடுகிறார்கள். எந்த வைஸ் பொருத்துவது என்பதில்தான் வருடம் ஓடுகிறது.

முடிந்ததும் எண்ணெய் பூசிக் கண்ணாடிபோல் மெருகேற்றுகிறார்கள். (மேலே வைக்கிற மரம் வழுக்குமே என்று ரூபோ தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.) பிறகு அதன் பக்கம் உளியைக் கொண்டுபோக மனசு வருமா? காப்பி டம்ளருக்கே அனுமதி இல்லை. வீட்டம்மா கேட்ட செருப்பு அலமாரி கடையிலிருந்து அட்டைப்பெட்டியில் வந்திறங்குகிறது. ஐயா தரையில் குந்தி உட்கார்ந்து ஸ்குரூ முடுக்குகிறார்.