வயிறா, முழங்காலா?

ஸ்கூபா முக்குளிப்பவர்கள் இரண்டே கட்சி. படகில் போய் நடுக்கடலில் விழுகிறவர்கள் ஒரு கட்சி. கரையிலிருந்து நடந்தே இறங்குகிறவர்கள் இன்னொரு கட்சி. எது உத்தமம் என்று இவர்கள் விடிய விடியப் பேசுவார்கள். என்னைக் கேட்டால், தேர்ந்தெடுப்பது ஆள் இல்லை. அவருடைய வயிறும் முழங்காலும்தான்.

படகு என்பது ராஜமரியாதை. புதுச்சேரிப் பக்கம் அதுதான் வழக்கம். சிலிண்டரை யாரோ தூக்கிவந்து முதுகில் மாட்டிவிடுவார்கள். விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியை ஒரு கையால் அழுத்திக்கொண்டு பின்பக்கமாகச் சாய்ந்தால் போதும். மிச்சத்தைப் புவியீர்ப்பு பார்த்துக்கொள்ளும். சோதனை அதற்கு முன்னால் வருகிறது. ஓடும் படகைவிட, நிறுத்திய படகுதான் அதிகம் ஆடும். கூடவே டீசல் புகை. நம்மூர் நண்பர் ஒருவர் புதுக்கோட்டை முட்டை மாஸை வயிறு முட்டத் தின்றுவிட்டுப் படகேறினார். அவர் கடலில் இறங்குவதற்கு முன்பே முட்டை மாஸ் இறங்கிவிட்டது. மீன்களைப் பார்க்கப் போனவரை மீன்கள் கூட்டமாக வந்து பார்த்தன.

கரையில் இந்த வம்பு இல்லை. பாலித் தீவின் துலாம்பென் கிராமத்தில், 1942-ல் ஜப்பானிய நீர்மூழ்கியிடம் அடிவாங்கிய 'லிபர்ட்டி' என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலைக் கரைக்கு இழுத்துப் போட்டிருந்தார்கள். 1963-ல் ஆகுங் எரிமலை வெடித்து அதைத் தண்ணீருக்குள் தள்ளியது. இன்று கூழாங்கல் கரையிலிருந்து நடந்து இறங்கியே அதைப் பார்த்துவிடலாம். கரீபியன் கடலின் பொனேர் தீவிலோ, இறங்கும் இடத்துக்கெல்லாம் சாலையோரத்தில் மஞ்சள் கல் வைத்திருக்கிறார்கள். ஆனால் சுமை? வெற்று அலுமினிய சிலிண்டரே ஏறக்குறைய 14 கிலோ. உள்ளே அடைத்த காற்றுக்கு மட்டும் இரண்டரை கிலோ. இடுப்பில் ஈயக்கட்டி வேறு. ஒரு சிப்பம் அரிசியை முதுகில் கட்டிக்கொண்டு பாசிபிடித்த கல்மேல் நடப்பதை நம்மூரில் யாரும் உல்லாசம் என்று சொல்லமாட்டார்கள்.

சரி, சொந்த மாவட்டத்திலேயே முங்கினால் என்ன? புதுக்கோட்டைக்கும் கடல் உண்டு. ஆனால் அது பாக் விரிகுடா. பெரும்பகுதி 15 மீட்டர் ஆழம்கூட இல்லாத கடல். மணமேல்குடிப் பக்கம் கரையிலிருந்து நடந்தீர்களானால், நடந்துகொண்டே இருப்பீர்கள். தண்ணீர் முழங்காலைத் தாண்டாது, சேறு விடாது. படகில் போகலாமென்றால் கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம் விசைப்படகுகளுக்கு, குறித்த நாளில் மட்டும் கடலுக்குப் போகும் தொழில்நாள் முறை உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம். போதாததற்கு இலங்கைக் கடல் எல்லைக் கோடும் பக்கத்திலேயே. அது மேலே இருந்து பார்த்தாலே தெரியாது. அடியில் யாரைக் கேட்பது?

நாட்டுப்படகு அண்ணன் ஒருவரிடம் விசாரித்தேன்.

"மீன் புடிக்க மாட்டீக, சங்கு எடுக்க மாட்டீக. பின்ன எதுக்குத் தம்பி முங்குறீக?"

"சும்மா பார்த்துட்டு வரத்தாண்ணே."

"பார்க்கத்தானா? காலையில ஏலத்துக்கு வாங்க. எல்லாம் வரிசையா ஐஸ்ல படுத்திருக்கும்."

படகும் வேண்டாம், கரையும் வேண்டாம் என்ற மூன்றாவது வழியை நம் முன்னோர் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நார்த்தாமலைச் சுனை ஒன்றின் அடியில் சிவலிங்கம் இருக்கிறது. 1857-ல் புதுக்கோட்டை மன்னர் ராமச்சந்திர தொண்டைமானின் ராணி அதைத் தரிசிக்க முங்கவில்லை. சுனைத் தண்ணீரையே இறைக்கச் சொல்லிவிட்டார். பாக் விரிகுடாவை இறைக்க இன்றைக்கு நமக்குத்தான் ராணிகள் இல்லை.

அதுவும் ஒருவகையில் நல்லது. கலங்கிய அந்தத் தண்ணீருக்கடியில் கடற்புல் வெளி இருக்கிறது. அதை மேய்ந்து வாழ்வது ஆவுளியா என்கிற கடற்பசு. 2022-ல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தது தமிழக அரசு. இந்தியாவில் கடற்பசுவுக்கு முதல் காப்பகம் அதுதான். சில நிமிடத்துக்கொருமுறை மேலே வந்து மூச்சு வாங்கிக்கொள்ளும் அதற்குச் சிலிண்டரும் வேண்டாம், கட்சியும் வேண்டாம். அதன் மேய்ச்சல் நிலத்தில் நாம் சேறு கலக்காமலிருப்பதே மரியாதை.

ஆகவே தீர்ப்பு இது: பேருந்தின் கடைசி இருக்கையில் தலைசுற்றுகிறவர்கள் கரையைத் தேர்ந்தெடுங்கள். மாடிப்படி ஏறும்போது முழங்கால் பேசுகிறவர்கள் படகைத் தேர்ந்தெடுங்கள். எந்தக் கட்சியானாலும் சளி பிடித்திருக்கும் நாளில் தண்ணீரில் இறங்காதீர்கள். காது வலி கட்சி பார்த்து வராது.