மச்சான் போட்ட டேக்: மறைத்தலும் மறைத்தல் நிமித்தமும்

காய்ச்சல் என்று மேலாளருக்குச் செய்தி அனுப்பிவிட்டுக் குற்றாலம் போகும் ஊழியன், தன் பெயரையும் இன்கிரிமென்டையும் இணையத்தில் காத்துக்கொள்ளும் முறைக்கு இலக்கணம் வகுப்பதே இவ்வாய்வின் நோக்கம். முதற்பொருள்: நிலம் ஐந்தருவி, பொழுது, சாரல் விழும் ஆடி மாதத்துத் திங்கட்கிழமை. கருப்பொருள்: பாரசிட்டமால் அட்டை, எண்ணெய் வடியும் தலை, பார்டர் பரோட்டா. உரிப்பொருள்: மறைத்தலும் மறைத்தல் நிமித்தமும்.

தலைவன் மடையன் அல்லன். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் தானே மறையும் என்று அறிந்தும், அதுவரை பொறுக்காமல் மேலாளர், எச்.ஆர்., எதிர் சீட்டுக்காரர் மூவரையும் பார்க்கக்கூடாதோர் பட்டியலில் சேர்த்துவிடுவான். (எதிர் சீட்டுக்காரரை எதற்கு என்று கேட்பவர் அலுவலகத்தில் வேலை பார்த்தவர் அல்லர் என்க.) கை தவறி அருவிப் படம் ஆபீஸ் குரூப்பில் விழுந்தாலும் அழிக்க வழியுண்டு. 2017இல் அவ்வசதி வந்தபோது அவகாசம் 7 நிமிடம். இன்று இரண்டு நாளுக்கும் மேல். ஆனால் அழித்த இடத்தில், செய்தி நீக்கப்பட்டது என்றொரு நடுகல் நின்றுவிடுகிறது. படத்தைப் பார்க்காதவர்களும் அதைப் பார்த்து, என்னவாக இருக்கும் என்று மாலைவரை ஆராய்வார்கள். அப்படியே விட்டிருந்தால், "தண்ணி நல்லா விழுதா?" என்று நாலு பேர் கேட்டதோடு போயிருக்கும் என்பது எம் துணிபு.

இத்தனை அரணும் தன் கையால் வரும் கேட்டுக்குத்தான். மச்சான் கையால் வருவதற்கு? ஈரத்துண்டோடு நிற்கும் அத்தனை பேரையும் அவன் ஃபேஸ்புக்கில் பெயர் பெயராக டேக் செய்கிறான். டேக் செய்த படம் தன் பக்கத்துக்கு வருமுன் அனுமதி கேட்கும் ஏற்பாடு அங்கே உண்டு. தலைவன் மறுத்தும் விட்டான். மறுத்தால் அவன் பக்கத்தில்தான் வராது. மச்சான் பக்கத்தில் படம் பல்லிளித்துக்கொண்டு இருக்கும். அதன் கீழே அத்தை வந்து, "திங்கக்கிழமை ஆபீஸ் இல்லையாப்பா?" என்று கேட்டு, நாள் பற்றிய ஐயத்தையும் போக்கிவிடுவார்.

சட்டம் துணைக்கு வருமா என்றும் நோக்கினோம். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், தனிமனிதர் தம் சொந்த, வீட்டுத் தேவைக்குக் கையாளும் தரவைத் தன் வரம்பிலிருந்து விலக்கியிருக்கிறது. பெரிய கம்பெனிகளைக் கட்டலாம். மச்சானைக் கட்ட முடியாது. சட்டம் செய்தவர்களுக்கும் மச்சான்கள் இருப்பார்கள் அல்லவா?

படத்தை எடுத்துவிடச் சொல்லிக் கேட்பது இன்னொரு நெறி. கேட்டால், "எங்களோட நிக்கிறது உங்களுக்குக் கேவலமா மாப்ள?" என்பான். விஷயம் அன்றிரவே அவன் தங்கையிடம் போகும். ஆபீசிலாவது தப்பலாம், வீட்டில் முடியாது.

எஞ்சுவது ஒரே வழி. மேலாளருக்கும் ஒரு மச்சான் உண்டு என்பதை முன்னையோர் எவரும் கருதவில்லை. ஒற்றைத் தலைவலி என்று அவர் லீவு போட்ட வியாழக்கிழமை குறித்து, அம்மச்சானின் பக்கத்தில் தரவு திரட்டி வருகிறோம்.