ஜனாதிபதியைக் கண்ட அண்ணை

சுவிஸில் தமிழர் வாழும் ஊர் எதற்குப் போனாலும் ஜனாதிபதியைக் கண்ட அண்ணை ஒருவர் இருப்பார். பிறந்தநாள் விழாவோ கோயில் அன்னதானமோ, பந்தியில் சோறு வரமுன் அவருடைய போன் வெளியே வந்துவிடும். அதில் ஜனாதிபதியோடு நிற்கும் அந்தப் படம்.

எங்கள் பேர்ன் அண்ணை கண்டது ரயில் நிலையத்தில். இவர் பேர்ன் வணக்கமான "க்ருயெஸெக்" என்றார். அவரும் "க்ருயெஸெக்" என்றார். ஒரு படம் எடுத்தார்கள். ரயில் வந்துவிட்டது. கதை அவ்வளவுதான்.

நம்பக்கூடிய கதைதான். 2014இல் ஜனாதிபதியாக இருந்த டிடியே புர்க்கால்டர் நொஷாத்தெல் நிலையத்தில் போனைப் பார்த்தபடி, சும்மா ஒரு பயணியாய் நின்ற படம் உலகமெல்லாம் சுற்றியது.

யாழ்ப்பாணத்துப் பெரியம்மாவை நம்பவைப்பதுதான் பாடு. "விசர்க்கதை கதையாதை தம்பி. ஒரு பொலிசும் இல்லாமல் ஜனாதிபதியோ? உன்னை ஆரோ பேய்க்காட்டிப்போட்டான்." பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு அமைச்சர் வந்தாலே விடியக் காலையில் தெருவை மறிப்பதைப் பார்த்தவ அவ. அண்ணை அடுத்த முறை இரண்டு மெய்க்காவலரைச் சேர்த்தார். பெரியம்மா கொஞ்சம் இறங்கி வந்தா. பிறகு ஒரு கறுப்புக் கார் சேர்ந்தது. கார் வந்ததும் கதையில் ரயில் இடித்தது, அதனால் நிலையத்தையே தூக்கிவிட்டார். இப்போது அந்தச் சந்திப்பு நடந்தது பாராளுமன்ற வாசலில்.

வேலையிடத்தில் நிலைமை நேர்மாறு. உண்மையைச் சொன்னாலும் சுவிஸ்காரர் அசையமாட்டார்கள். "அவரோ? நானும் போன கிழமை சந்தையில கண்டனான், கரட் வாங்கிக்கொண்டு நின்றவர்" என்றுவிட்டுத் தங்கள் கோப்பியைக் குடிப்பார்கள்.

போதாக்குறைக்கு இந்த நாட்டுச் சட்டம் வேறு. மந்திரிசபையில் ஏழே பேர். அதில் ஒருவர் ஒரு வருஷத்துக்கு மட்டும் ஜனாதிபதி. ஜனவரி 1 வந்தால் வேறு ஆள். அண்ணையின் படம் காலாவதி. ஆனால் கதவு முற்றாகப் பூட்டப்படவில்லை. 2018இல் ஜனாதிபதியாக இருந்த அலன் பெர்சே 2023இல் திரும்பவும் வந்தார். அவரோடு படம் வைத்திருந்தவர்களுக்கு அந்த வருஷம் நல்ல யோகம். எங்கள் அண்ணை தன்னுடைய ஆளின் முறைக்கு இன்னும் காத்திருக்கிறார்.

பந்தியில் பக்கத்தில் இருக்க நேர்ந்தால் படத்தை வாங்கிப் பாருங்கள், பாராட்டுங்கள். மெய்க்காவலர் எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.