மூன்று நாள் வாய்ப்பூட்டு

திண்டுக்கல் பூட்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கதவுக்கும் பெட்டிக்கும் கோயில் உண்டியலுக்கும் பூட்டுச் செய்து பெயர் வாங்கிய ஊர். மனுசன் வாய்க்குப் பூட்டுச் செய்யும் வித்தை மட்டும் இங்கே யாருக்கும் கைவரவில்லை. அதைச் சென்னையில் கண்டுபிடித்தார்கள். கண்டுபிடித்தவர்கள் தமிழ்ப் படத் தயாரிப்பாளர்கள்.

2024 நவம்பர். ‘கங்குவா’ வெளியான சூடு ஆறவில்லை. தயாரிப்பாளர் சங்கம் ஓர் அறிக்கை விட்டது. ‘இந்தியன் 2’, ‘வேட்டையன்’, ‘கங்குவா’ மூன்றையும் பாதித்தது யூடியூப் விமர்சனமும் தியேட்டர் வாசலில் எடுக்கிற பொதுமக்கள் கருத்தும்தானாம். ஆகவே யூடியூப்காரர்களைத் தியேட்டர் வளாகத்துக்குள் விடாதீர்கள் என்று தியேட்டர்காரர்களுக்கு வேண்டுகோள். கதை கெடுக்கவில்லை. திரைக்கதை கெடுக்கவில்லை. காதைப் பிளந்த சத்தம் கெடுக்கவில்லை. படம் முடிந்து வெளியே வந்தவன் வாய் கெடுத்துவிட்டது.

அதோடு விட்டார்களா? ‘நடப்பு தயாரிப்பாளர்கள் சங்கம்’ என்ற இன்னொரு சங்கம் சென்னை உயர் நீதிமன்றத்துக்கே போனது. படம் வெளியான முதல் மூன்று நாள் சமூக ஊடகங்களில் யாரும் விமர்சனம் போடக்கூடாது, தடை விதியுங்கள் என்று கேட்டது. கேரளத்தில் இதே வழக்கு வந்தபோது நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட வழக்கறிஞர் 48 மணி நேரம் பொறுத்தால் போதும் என்று யோசனை சொன்னார். நம்மவர்கள் அதற்கு மேல் ஒரு நாள் ஏற்றிக் கேட்டார்கள். டிசம்பர் 3ஆம் தேதி நீதிபதி எஸ்.சவுந்தர் தடை விதிக்க மறுத்தார். விமர்சனம் கருத்துச் சுதந்திரம்; அவதூறு என்றால் போலீசில் புகார் கொடுங்கள் என்றார். டீக்கடை பெஞ்சில் எவரும் சொல்லியிருப்பார். அதற்கு ஒரு உயர் நீதிமன்றம் தேவைப்பட்டது.

அதோடாவது விட்டார்களா? 2025 ஜூலையில் நடிகர் விஷால் ஒரு விழா மேடையில் அதே பாட்டை வேறு ராகத்தில் பாடினார். முதல் 12 காட்சிகளுக்குத் தியேட்டர் வளாகத்தில் யூடியூப்காரர்களுக்கு அனுமதி தராதீர்கள் என்றார். ஒரு நாளைக்கு நாலு காட்சி. பன்னிரண்டை நாலால் வகுத்துப் பாருங்கள்.

ஏன் மூன்று நாள்? ஒரு நாள் போதாதா? ஒரு வாரம் கேட்டால் என்ன? அங்கேதான் கணக்கு இருக்கிறது. வெள்ளி, சனி, ஞாயிறு. கூட்டம் வருவது அந்த மூன்று நாள். திங்கட்கிழமை காலைக் காட்சிக்கு ஆபரேட்டரும் கேன்டீன் பையனும் நாலு காதல் ஜோடிகளும். மூன்று நாளில் கல்லா நிரம்பிவிடும். நான்காம் நாள் நாம் தொண்டை கிழியக் கத்தினாலும் அவர்களுக்கு ஒரு காசு நஷ்டமில்லை. ஆக, அவர்கள் எண்ணி முடிக்கும்வரை நாம் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும். நம் பணத்தைத்தான் எண்ணுகிறார்கள். அதனால் மரியாதையாக மூடிக்கொள்ள வேண்டும்.

நாகல்நகர்ப் பக்கம் ஒரு பூட்டு வாங்கப் போங்கள். கடைக்காரர் உங்கள் முன்னாலேயே சாவியைப் போட்டுத் திருப்பிக் காட்டுவார். நீங்களும் திருப்பிப் பார்ப்பீர்கள். பிடிக்கவில்லையென்றால் அடுத்த கடை. “மூணு நாள் கழிச்சுத்தான் திறக்குதான்னு சொல்லணும்” என்று ஒரு கடைக்காரர் சொன்னால் அவரை ஊர் என்ன செய்யும் என்று உங்களுக்கே தெரியும். சினிமாக்காரர் சொன்னால் அது தொழில் பாதுகாப்பு.

சரி, இந்தப் பார்வையாளன் என்ன இலவசமாகவா உட்கார்ந்துவிட்டுப் பேசுகிறான்?

வீட்டில் நாலு பேர். வத்தலக்குண்டிலிருந்தோ நத்தத்திலிருந்தோ பஸ் ஏறித் திண்டுக்கல் வரவேண்டும். பெரிய ஹீரோ படம் என்றால் முதல் மூன்று நாள் கவுண்டரில் எழுதிப் போட்ட விலை எழுதிப் போட்டபடியே இருக்கும், கையில் வாங்குகிற விலை வேறாக இருக்கும். டிக்கெட்டுக்கு ஜி.எஸ்.டி. உண்டு. அதன் தலையில் உள்ளாட்சி கேளிக்கை வரியும் உண்டு. படம் கேளிக்கையாக இருந்ததா என்று வரி வாங்குகிறவர் கேட்பதில்லை. பைக் நிறுத்த ஒரு டோக்கன். ஹெல்மெட்டுக்குத் தனியாக ஒன்று கேட்கிற இடங்களும் உண்டு. வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். வெடிகுண்டு தேடுகிறார்கள் என்று நினைக்காதீர்கள். முறுக்கு தேடுகிறார்கள். பிள்ளைக்கு வாங்கிய கடலைமிட்டாய் பிடிபட்டால் அங்கேயே ஒப்படைக்க வேண்டும். வெளி உணவைத் தடுக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குடிதண்ணீரை இலவசமாகத் தரவேண்டும் என்றும் அதே தீர்ப்பில் சொன்னது. முதல் பாதி எல்லாத் தியேட்டருக்கும் மனப்பாடம். இரண்டாம் பாதியை யாரும் படிக்கவில்லை. இடைவேளையில் பாப்கார்ன் வாங்குகிற அப்பாக்கள் முகத்தைப் பாருங்கள். படத்தில் ஹீரோவுடைய தங்கை செத்தபோதுகூட அப்படி ஒரு சோகம் அந்த முகத்தில் வந்திருக்காது.

இவ்வளவையும் கட்டிவிட்டு வெளியே வருகிறார் ஒருவர். வேடசந்தூர்ப் பக்கத்து நூற்பாலையில் நைட் ஷிப்ட் முடித்துத் தூங்காமல் வந்தவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருக்கிறது. கண் சிவந்திருக்கிறது. மைக்கை நீட்டுகிறான் ஒரு பையன்.

“அண்ணே, படம் எப்படிண்ணே?”

“மொத அரை மணி நேரம் என்ன நடக்குதுன்னே புரியல தம்பி. சவுண்டு ரொம்ப ஓவர். காது வலிக்குது. அந்த முதலைச் சண்டை நல்லா இருக்கு. ஒரு தடவ பாக்கலாம்.”

இதுதான் சதி. பல நூறு கோடியைக் கவிழ்த்த சர்வதேச சதி இதுதான். தூக்கம் கெட்டு, காசு கெட்டு, காதும் கெட்ட பிறகு அந்த மனிதர் “ஒரு தடவ பாக்கலாம்” என்கிறார். இந்தத் தாராளம் எந்தத் தயாரிப்பாளரிடம் இருக்கிறது?

வேடிக்கை கேளுங்கள். சூர்யா நடித்த ‘கங்குவா’ வந்தது நவம்பர் 14. நவம்பர் 17 அன்று படத்துக்கு ஆதரவாக நடிகை ஜோதிகா ஒரு பதிவு போட்டார். சூர்யாவின் மனைவியாக அல்ல, சினிமா ரசிகையாக எழுதுகிறேன் என்றார். அதிலேயே முதல் அரை மணி நேரம் எடுபடவில்லை, சத்தம் உறுத்துகிறது என்று ஒத்துக்கொண்டார். தயாரிப்பாளர் ஞானவேல்ராஜாவும் சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கும்படி தியேட்டர்காரர்களிடம் சொல்லிவிட்டதாகப் பேட்டி கொடுத்தார். பிறகு படத்தில் 12 நிமிடம்போல வெட்டினார்கள். ‘இந்தியன் 2’ மட்டும் என்ன? அதிலும் வெளியான சில நாளில் அதே அளவுக்குக் கத்திரி. அப்படியானால் மில் தொழிலாளி சொன்னதில் எது பொய்? சத்தம் என்றார். குறைத்தீர்கள். முதல் அரை மணி நேரம் புரியவில்லை என்றார். வெட்டினீர்கள். படத்தொகுப்பாளர் அறையில் மாசக்கணக்கில் உட்கார்ந்தும் உங்களுக்குத் தெரியாததை, ஒரே காட்சியில், டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு, உங்களிடம் சம்பளம் வாங்காமல் சொன்னார். சொன்னவரை உள்ளே விடாதே என்று அறிக்கை விட்டீர்கள். அவர் பேச்சைக் கேட்டு வெட்டிய படத்துக்கு, வெட்டுவதற்கு முன்னால் பார்த்தவர்களிடம் வாங்கிய பணத்தில் ஒரு பைசா திரும்பி வந்ததா?

இவர்கள் மௌன விரதம் இருந்துகொண்டு நம்மை மௌனமாக இருக்கச் சொன்னாலாவது ஒரு நியாயம். ‘கங்குவா’ 2000 கோடி வசூலிக்கும் என்று வெளியாகும் முன்பே பேட்டி கொடுத்தார்கள். படம் வருவதற்கு முன்னால் படத்தைப் பற்றி 2000 கோடிக்குக் கருத்துச் சொல்லலாம். படம் வந்த பிறகு நூற்றைம்பது ரூபாய்க்குக் கருத்துச் சொன்னால் குற்றம். இசை வெளியீட்டு விழாவில் ஒளிப்பதிவாளர் இயக்குநரைப் புகழ்வார். இயக்குநர் ஹீரோவைப் புகழ்வார். ஹீரோ தன்னடக்கத்தோடு தன்னைப் புகழ்வார். சனிக்கிழமை காலை நாளிதழில் ‘மக்கள் கொண்டாடும் மாபெரும் வெற்றி’ என்று முழுப்பக்க விளம்பரம். ஞாயிறு கேக் வெட்டுகிறார்கள். திங்கள் படம் தியேட்டரில் இல்லை. முதல் காட்சி ஓடிக்கொண்டிருக்கும்போதே, இன்னும் எழுத்துகூடப் போடாத நேரத்தில், ‘பிளாக்பஸ்டர்’ என்று எக்ஸ் தளத்தில் முழங்குகிற ஆட்கள் யார்? அவர்களுக்கு யார் சோறு போடுகிறார்கள்? அந்தக் கருத்துக்கு மூன்று நாள் தடை கேட்டு எந்தச் சங்கமாவது எந்த நீதிமன்றத்திலாவது மனுப் போட்டதா?

பாராட்டினால் ரசிகன் தெய்வம். குறை சொன்னால் கைக்கூலி. ஆனந்த விகடன் ‘16 வயதினிலே’ படத்துக்கு 62.5 மார்க் போட்டது. அந்த மார்க்கை இன்றைக்கும் தமிழ் சினிமா நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகிறது. நல்லது, திரியட்டும். ஆனால் அதே பேனா வேறு படங்களுக்கு நாற்பதுக்கும் கீழே போட்டதே, அதுவும் விமர்சனம்தானே?

இன்னொன்று. கருத்துச் சுதந்திரம் என்றால் என்ன என்று இந்த நாட்டுக்குப் பாடம் சொன்ன வழக்குகளில் ஒன்று தமிழ் சினிமாவின் வழக்கு. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ படத்தின் தணிக்கைச் சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தயாரிப்பாளர் ரங்கராஜன் உச்ச நீதிமன்றம் போனார். போராட்டம் வரும், கலவரம் வரும் என்று பயந்து ஒருவர் கருத்தை முடக்கக்கூடாது என்று 1989இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பைக் காட்டித்தான் முப்பத்தைந்து வருடமாகப் படைப்புச் சுதந்திரம் பேசுகிறார்கள். ஒரு சாதிச் சங்கம் படத்துக்கு எதிராகக் கொடி பிடித்தால் அரசமைப்புச் சட்டம் 19ஆம் பிரிவு ஞாபகம் வருகிறது. ஒரு ரசிகன் ‘மொக்கை’ என்று சொன்னால் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு நீதிமன்றத்துக்கு ஓடுகிறார்கள்.

அதிலும் திண்டுக்கல்காரனிடம் வந்து பேசாதே என்பது கொஞ்சம் ஜாஸ்தி. வரலாறு தெரிந்தவர்கள் சொல்லமாட்டார்கள். எம்.ஜி.ஆரின் ‘உலகம் சுற்றும் வாலிபன்’ வெளியானது 1973 மே 11. அந்தப் படம் வந்தால் சேலை கட்டிக்கொள்கிறேன் என்று அப்போது தி.மு.க.வில் இருந்த மதுரை முத்து சவால் விட்ட காலம். படம் வந்தது. ஒன்பது நாள் கழித்து, மே 20, திண்டுக்கல் மக்களவை இடைத்தேர்தல். எம்.ஜி.ஆர். கட்சிக்கு அப்போது வயது ஏழு மாதம். அதன் முதல் வெற்றியாக மாயத்தேவரை இந்தத் தொகுதி டெல்லிக்கு அனுப்பியது. மாநிலத்தை ஆண்டுகொண்டிருந்த தி.மு.க. மூன்றாம் இடத்துக்குப் போனது. படத்தையும் அரசியலையும் ஒரே மூச்சில் பேசி ஓர் ஆளுங்கட்சியையே உட்கார வைத்த ஜனம் இது. பழைய பாட்டா, புதுப் பாட்டா என்று பட்டிமன்றம் நடத்தி, புதுப் பாட்டை மேடைக்கு மேடை கிழித்துத் தொங்கவிட்டே உலகம் சுற்றிவந்த திண்டுக்கல் லியோனியும் இந்த ஊர்க்காரர்தான். சினிமாவைப் பற்றிப் பேசுவது இங்கே பொழுதுபோக்கு இல்லை, குலத்தொழில் மாதிரி.

எல்லா யூடியூப்காரனும் உத்தமன் என்று நான் சொல்லவரவில்லை. காசு கொடுத்தால் தூக்கிவைப்பேன், கொடுக்காவிட்டால் தூக்கிப்போடுவேன் என்று மிரட்டுகிறவன் இருக்கிறான். நடிகையின் உடம்பைப் பற்றிப் பேசி லைக் வாங்குகிற அற்பனும் இருக்கிறான். பிடித்து உள்ளே போடுங்கள். மிரட்டலுக்கும் அவதூறுக்கும் சட்டம் இருக்கிறது, நீதிபதியும் வழி காட்டிவிட்டார். ஆனால் மிரட்டுகிற நாலு பேர் மேல் புகார் கொடுக்கத் தைரியமில்லை. ஏனென்றால் அடுத்த படத்துக்கு அந்த நாலு பேரிடம்தான் விளம்பரம் கொடுக்கவேண்டும். அதனால் காலரில் பஞ்சு ஒட்டியவர் முன்னால் நீட்டிய மைக்கைப் பிடுங்குகிறார்கள்.

பிடுங்கி என்ன பயன்? 2023 ஜனவரியில் நள்ளிரவுச் சிறப்புக் காட்சிக் கொண்டாட்டத்தில் சென்னையில் ஓர் இளைஞர் உயிரிழந்த பிறகு தமிழ்நாட்டில் முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். கேரளத்தில் அதே படம் விடியற்காலையிலேயே ஓட ஆரம்பித்துவிடுகிறது. இங்கே கேட் திறப்பதற்குள் பாலக்காட்டிலிருந்து மச்சானும் சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா மகனும் வாட்ஸ்அப்பில் தீர்ப்பு எழுதிவிடுகிறார்கள். வாசல் மைக்கைத் தடுக்கலாம். மச்சானை எந்தச் சங்கம் தடுக்கும்?

தயாரிப்பாளர்களுக்கு ஒரு யோசனை சொல்லலாம். மூன்று நாள் பேசக்கூடாது என்று இவ்வளவு ஆசையாக இருந்தால் நாங்கள் ஒத்துழைக்கிறோம். வெள்ளி, சனி, ஞாயிறு டிக்கெட் பணத்தை வங்கியில் தனியாகப் போட்டு வையுங்கள். திங்கட்கிழமை கவுண்டரைத் திறங்கள். படம் பிடித்தவர் பணத்தை உங்களுக்கு விட்டுவிடட்டும். பிடிக்காதவர் வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போகட்டும். பாப்கார்ன் காசு வேண்டாம், அது தியேட்டர்காரர் பாவம். இதற்குச் சம்மதமா?

சம்மதமில்லை என்றால் வாசகர்களே, அடுத்த வெள்ளிக்கிழமை காலைக் காட்சி முடிந்து வெளியே வரும்போது யாராவது மைக்கை நீட்டினால் நின்று பேசுங்கள். மைக்கே இல்லாவிட்டால் பஸ் ஸ்டாண்டு வரை சத்தமாகப் பேசிக்கொண்டே போங்கள்.